ரங்கூனில் குட்டைப் போர்வை

ரங்கூன் துறையில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் செய்தி, நான் பாரசீகர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்பது. சொன்னவர் என்னை அழைத்துப் போக வந்திருந்த ரெபேக்கா டீச்சர். கையில் ஒரு நோட்டீஸை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். 'சக்கரவர்த்தியின் குட்டைப் போர்வை: பெர்சியர், பிராங்கியர் கடல் வாணிபம்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

நான் எழுதி அனுப்பியது 'பிரீசியர்'. ஐரோப்பாவின் வட கடலோரத்தில், சேற்றுக்கும் அலைக்கும் நடுவே, ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலோட்டிப் பிழைத்த ஜனங்கள். அப்படி ஒரு ஜாதி உலகத்தில் இருக்க நியாயமில்லை என்று அச்சுக் கோத்தவர் முடிவு செய்து, எனக்கு உதவியாகத் திருத்திவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"யாபாதே அக்கா. கேக்க வர்றவங்க எப்படியும் வருவாங்க" என்றார் ரெபேக்கா. 'பரவாயில்லை' என்பதற்கு ரங்கூனில் சொல்லும் வார்த்தை அது. பஸ் தவறினாலும் யாபாதே, மழை வந்தாலும் யாபாதே, பிரீசியர் பாரசீகர் ஆனாலும் யாபாதே.

இது அறுபத்தொன்றாம் வருஷத்துக் கதை. ரெபேக்கா தின்கன்ஜூன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் தாத்தா காலத்தில் மிஷன் பள்ளியில் படித்துக் குமாஸ்தா வேலைக்கு வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். அங்கே இருந்த தமிழ் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் காரியதரிசி. தமிழ்நாட்டிலிருந்து யாரையாவது வருஷா வருஷம் பேச அழைப்பார்கள். என்னை அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: சோழர் கப்பல் வேண்டாம், வந்தவர்கள் எல்லாரும் அதையே ஓட்டிவிட்டார்கள், வேறு எந்தக் கப்பலாக இருந்தாலும் சரி. கல்லூரியில் ஐரோப்பியச் சரித்திரம் நடத்துகிற எனக்கு அதைவிட நல்ல அழைப்பு வராது. உடனே தலைப்பை எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் அத்தான் வீட்டுக்கு வந்தார். அக்காவின் கணவர். எங்கள் ஊரில் தறிக்கூடம் வைத்திருக்கிறார். அவர் நெய்கிற 'கிளி மார்க்' கைலிகள் ரங்கூனுக்குத்தான் போகும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தக் கிளியை நம்பித்தான் உலை வைக்கிறார்கள். நூல் விலை ஏறியதும் அத்தான் சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்திருந்தார். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவில் இரண்டு ஓரத்திலும் இழைகளைக் குறைத்து, துணியின் அகலத்தைச் சுருக்கிவிட்டார். கைலிக்கு அகலம்தான் உயரம். ஆக, இடுப்பிலிருந்து கால் வரை வரவேண்டியது அரைச் சாண் முன்னாலேயே நின்றுவிடும். விலை மட்டும் குறையவில்லை, பழைய இடத்திலேயே இருந்தது.

ரங்கூன் மொத்த வியாபாரி விழித்துக்கொண்டார். வந்த துணிப் பேல்களை விற்காமல் அடுக்கி வைத்துவிட்டு, கிளி மார்க்கையே கைவிடுவதாகச் சொல்லியனுப்பினார். "நீ படிச்சவ, உன் வாய்க்கு மதிப்பு உண்டு. இந்த நூல் துவைச்சாச் சுருங்காது, அதான் அளவா நெய்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா" என்றார் அத்தான். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையாட்டிவிட்டேன்.

ஆட்டிய பிறகுதான் என் பேச்சின் தலைப்பு நினைவுக்கு வந்தது. அந்தக் கதை இதுதான்: பிராங்கியர்களின் சக்கரவர்த்தியிடம் பிரீசிய வியாபாரிகள் போர்வை விற்றார்கள். ஒரு கட்டத்தில் போர்வையைக் குட்டையாக்கிவிட்டு, பழைய விலையையே வாங்கினார்கள். சக்கரவர்த்தி கண்டுபிடித்துவிட்டார். இங்கே வந்து பார்த்தால் நோட்டீஸ் ரங்கூன் முழுக்க ஒட்டியாகிவிட்டது.

துறைமுகத்திலிருந்து தின்கன்ஜூனுக்கு மரக்கூடு கட்டிய பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் என் கண்ணில் பட்டதெல்லாம் கைலிதான். ரங்கூன் தமிழர் வாயில் அது லோன்ஜி. எங்கள் கல்லூரி வாசலில் கைலி கட்டி வந்த ஆளைக் காவல்காரன் நிறுத்துவான். இங்கே நிறுத்துகிற காவல்காரனும் லோன்ஜி, உள்ளே இருக்கிற பிரின்சிபாலும் லோன்ஜி. அத்தனையும் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு சுத்தமாக விழுந்திருந்தன.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குச் சைக்கா. சைக்கிளின் பக்கவாட்டில் இரண்டு இருக்கைகளை முதுகோடு முதுகு சேர்த்து வைத்த வண்டி. ரெபேக்கா வருவதைப் பார்த்தார், நான் போனதைப் பார்த்தேன். "அதோ பாருங்க எங்க ஸ்கூலு" என்பார். நான் தேடிப் பிடிப்பதற்குள் அது என் பக்கம் வந்து, நெல்லிக்காய் விற்கிற அம்மாள் மறைத்துக்கொள்வாள். அப்படியே ஒரு குழியில் இறங்கி ஏறியதில் என் ஒற்றைச் செருப்பு கழன்று ரோட்டோடு தங்கிவிட்டது. அதை நான் மட்டும்தான் பார்க்க முடிந்தது. நான் கத்தியது வண்டிக்காரருக்குப் புரிய ஒரு தெரு தூரம் ஆயிற்று.

மறுநாள் காலை ரெபேக்கா மொஹிங்கா வாங்கி வைத்திருந்தார். மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, இடியாப்பம் மாதிரி இருக்கிற அரிசிச் சேமியாவின் தலையில் ஊற்றுகிறார்கள். மேலே உடைத்துப் போட்ட பருப்பு வடை. எங்கள் ஊரில் இந்த நான்கும் நான்கு வேளைக்கு வரும், ஒரே கிண்ணத்தில் சந்தித்துக்கொண்டதே இல்லை. இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன். பொய் சொல்லப் போகிறவளுக்குத் தெம்பு வேண்டாமா?

வியாபாரியின் பெயர் ஊ மாணிக்கம். 'ஊ' என்பது பர்மிய மரியாதை, நம் 'ஐயா' போல. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர், மகன் சூரத்தி பஜாரில் துணி மொத்தக்கடை வைத்திருக்கிறார். நெற்றியில் விபூதி, இடுப்பில் பட்டு லோன்ஜி, வாயில் பாதித் தமிழ், பாதி பர்மியம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று டீ வரவழைத்தார். கூடவே ஊறவைத்த தேயிலையை எண்ணெயும் வறுத்த பயறும் கலந்து தட்டில் வைத்தார். நாம் குடிக்கிற தேயிலையை அவர்கள் தின்னவும் செய்கிறார்கள். முதல் வாய் கசப்பு, அடுத்தது பழக்கம், அதற்கப்புறம் தட்டு காலி.

கடைக்குள் பேல்களின் மேல் ஒரு பர்மிய அம்மாள் கால் மடித்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். "டோ கின் மியா. ஆத்துக்கு அக்கரையில இருக்கிற ஜேக்கெல்லாம் நம்ம சரக்கை எடுத்துட்டுப் போறவங்க" என்றார் மாணிக்கம். ஜே என்றால் சந்தை, டோ என்பது வயதில் மூத்த பெண்களுக்கான மரியாதை. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். தமிழ் தெரியாதவர் என்று நானாக எண்ணிக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே ஆரம்பித்தேன்.

அத்தான் சொன்னபடியே சொன்னேன். நூல் உயர்ந்த நூல், முன்பு நெய்தது துவைத்தால் சுருங்கும், இது சுருங்காது, ஆகவே கடைசியில் கணக்கு ஒன்றுதான். மேடையில் பேசுகிற அதே குரல் வந்தது. அதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

மாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க. உங்க அத்தான் கிட்ட எனக்குக் கோவம் இல்லீங்கம்மா. ஆனா சாமான் வாங்கிட்டுப் போறவன் என்னைத்தானே கேப்பான்? வேற ஊர்க்காரங்க சாம்பிள் அதோ அலமாரியில இருக்குது. நாளைக்கு உங்க பேச்சுக்கு வர்றேன். முடிச்சிட்டுச் சொல்றேன்."

"பேச்சுக்கா?"

"ஆமா. நோட்டீஸ் பார்த்தேன். குட்டைப் போர்வைன்னு போட்டிருக்குது. துணி சமாச்சாரம், விடுவேனா? இவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

டோ கின் மியா மறுபடியும் சிரித்தார்.

அன்று மாலை முழுக்க ரெபேக்காவிடம் மன்றாடினேன். தலைப்பை மாற்றலாமா, பேசாமல் நோட்டீஸில் உள்ளபடி பாரசீகர்களைப் பற்றியே பேசிவிடட்டுமா என்று கூடக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கட்டிலில் விழுந்து சிரித்தார். அவர் யாபாதே சொல்லாத சந்தர்ப்பம் அது ஒன்றுதான். "கதையைச் சட்டுன்னு சொல்லிட்டு ஓடிருங்க அக்கா. அழுத்தாதீங்க" என்று யோசனை சொன்னார். சரி என்று படுத்தேன்.

பேச்சு பள்ளிக்கூட மண்டபத்தில். முன் வரிசையில் நீளத் தொப்பியோடு இரண்டு முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மொகல் தெருவில் இருக்கிற பாரசீகக் குடும்பத்துப் பெரியவர்கள், முன்னோரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்கள். நான் இறங்கிப் போய் அச்சுப் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொன்னார். ரெபேக்கா மொழிபெயர்த்தார்: "வந்தது வந்துட்டோம், டீ வரட்டும்னு சொல்றார்." அவர்களுக்கு அடுத்த நாற்காலிகளில் மாணிக்கமும் டோ கின் மியாவும் இருந்தார்கள்.

ஆரம்பித்தேன். முன் வரிசைக்காக ரெபேக்கா பர்மிய மொழியில் கூடவே சொல்லி வந்தார். பிரீசியர் குடியிருந்த இடத்தில் நாளுக்கு இரு முறை கடல் வந்து போகும். ஆகவே மண்ணையும் சாணத்தையும் கொட்டி மேடு எழுப்பி அதன்மேல் வீடு கட்டினார்கள். உப்புத் தரையில் தானியம் விளையாது, புல் விளையும். புல்லுக்கு ஆடு, ஆட்டுக்குக் கம்பளி, கம்பளிக்குத் தறி. துணியை ஏற்றிக்கொண்டு தானியம் தேடிப் போனவர்கள்தான் அந்தக் கடலுக்கே தங்கள் பெயர் விழும் அளவுக்கு வியாபாரிகள் ஆனார்கள். இங்கிலாந்துக்கும் ஸ்வீடனுக்கும் போனார்கள். போன ஊரில் எல்லாம் ஆற்றோரமாகத் தங்களுக்கென்று ஒரு தெரு பிடித்தார்கள். "நம்மளை மாதிரி" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆமாம், நம்மை மாதிரிதான்.

பிராங்கியர் உள்நாட்டுக்காரர்கள். ரைன் நதிக் கரையில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது, கண்ணாடிச் சூளை இருந்தது, மாவரைக்கும் எந்திரத்துக்கு ஏற்ற எரிமலைக் கல் இருந்தது. இல்லாதது கடல். ரைனை ஐராவதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐராவதி கடலுக்கு முன் பிரிகிற மாதிரி அதுவும் பிரிகிறது. பிரிகிற இடத்தில் டோரெஸ்டாட் என்று ஒரு துறை, அது அவர்களுடைய ரங்கூன். மேலேயிருந்து பீப்பாயில் திராட்சை மது வரும், கீழேயிருந்து துணி வரும். பீப்பாய் காலியானால் தூக்கிப் போடமாட்டார்கள். அடியைத் தட்டிவிட்டு மண்ணில் இறக்கி, கிணற்றுக்கு உறையாக்குவார்கள். இதைச் சொன்னதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. எண்ணெய் டின்னை வெட்டிக் கூரை போடுகிற ஊர் அது, மரியாதை உடனே பிறந்துவிட்டது.

பிராங்க் என்ற பெயர்தான் நமக்குப் பரங்கி ஆயிற்று என்று சொல்லி, அது எப்படி வந்தது என்று விளக்க வாயெடுத்தேன். அதுவரை டீயைப் பார்த்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர் ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். "ஃபரங்கி!" என்றார். பிறகு பர்மிய மொழியில் மளமளவென்று பேசினார். அந்த வார்த்தை எங்கள் வார்த்தை, எங்கள் வாயிலிருந்துதான் கிழக்கே வந்தது, இந்த நாட்டில் போர்த்துக்கீசியர் வழியில் வந்தவர்களைப் பயிஞ்ஜி என்கிறார்களே, அதுவும் அதுதான் என்று சொல்லி அவர் உட்கார, ரெபேக்கா மொழிபெயர்த்தார். மண்டபம் கைதட்டியது. அச்சுக் கோத்தவரை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

இந்த உற்சாகம்தான் என்னைக் கெடுத்தது. போர்வைக் கதையைச் சட்டென்று சொல்லிவிட்டு ஓட வேண்டும் என்ற தீர்மானம் எங்கேயோ பறந்துவிட்டது. பல வருஷமாகப் பாடம் நடத்துகிறவளால் நல்ல கதையைக் கெடுத்துச் சொல்ல முடியாது. சக்கரவர்த்தி குட்டைப் போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துவதை அப்படியே நடித்துக் காட்டினேன். இந்தத் துண்டுத் துணி எனக்கு எதற்கு? படுத்தால் உடம்பை மூடவில்லை. குதிரையில் போனால் காற்றையும் தடுக்கவில்லை, மழையையும் தடுக்கவில்லை. ஒதுங்கப் போய் உட்கார்ந்தால் என் கால் விறைத்துப் போகிறது! இனிமேல் நீளப் போர்வையைத் தவிர வேறெதையும், பழைய விலை தவிர வேறெதற்கும், யாரும் வாங்கக்கூடாது!

மண்டபம் குலுங்கியது. தொப்பிக்காரர்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. எங்கள் தெருவின் அடுப்புகள் கண்முன் வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கேள்வி உண்டா என்று ரெபேக்கா கேட்டார். டோ கின் மியா எழுந்தார். நிதானமாக, பர்மிய மொழியில் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரு வார்த்தையைத் தவிர. பர்மிய வாக்கியத்தின் நடுவே 'சுருங்காது' என்ற தமிழ்ச் சொல் பளிச்சென்று விழுந்தது.

ரெபேக்கா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு மொழிபெயர்த்தார்: "அந்த வியாபாரிங்க ராஜாகிட்ட, இது துவைச்சாச் சுருங்காதுன்னு ஏதாவது சமாதானம் சொன்னாங்களான்னு கேக்கிறாங்க."

சபைக்கு இது நல்ல வேடிக்கை, எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். 'சரித்திரத்தில் அப்படிக் குறிப்பு இல்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மாளின் முகத்தில் கோபமே இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். அப்படிக் காத்திருக்கிறவரிடம் என்னால் மழுப்ப முடியவில்லை.

"சொல்லியிருப்பார்கள், அம்மா" என்றேன். "ஆனால் சொன்னவர்களே அதை நம்பியிருக்கமாட்டார்கள்."

டோ கின் மியா தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். மாணிக்கம் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். கூட்டம் கலைந்தபோது அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமலேயே போய்விட்டார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் மாணிக்கம் நின்றார். "புறப்படுங்கம்மா. அக்கரைக்குப் போகணும், டோ கின் மியா கூப்பிடுறாங்க" என்றார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. தண்டனை எங்கே என்று கேட்காமல் போகிற குற்றவாளி மாதிரி அவர் பின்னால் போனேன். க்யிம்யிண்டைங் துறையில் வாழைத்தார்களுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து ஒரு சம்பானில் ஏறினோம். சம்பான் என்பது முனை தூக்கிய சின்னப் படகு. படகுக்காரர் நின்றுகொண்டே துடுப்புப் போட்டார்.

அக்கரையில் ஒரு வாய்க்காலுக்குள் நுழைந்ததும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ரங்கூன் ஆற்றில் கடல் ஏறி இறங்குவதை நம் ஊர் ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் சேறாகியது. சம்பான் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் துடுப்பைக் கிடத்திவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தார். "தண்ணி வந்தாப் போகலாங்கிறார்" என்றார் மாணிக்கம்.

எங்களைச் சுற்றி இன்னும் பல படகுகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு படகில் ஒரு பெண் அவித்த கடலையும் பஜ்ஜியும் விற்க ஆரம்பித்தாள். கரையிலிருந்து பலகை போட்டுக்கொண்டு ஆட்கள் இறங்கி வந்து, ஒவ்வொரு படகிலும் பேரம் பேசினார்கள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பிரீசியருடைய கப்பல்களுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கும் என்று எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! கப்பல் சேற்றில் உட்காரத்தான் அந்த அடி. உட்கார்ந்த இடத்தில் இறங்கி வியாபாரம் செய்வார்கள், தண்ணீர் வந்தால் கிளம்புவார்கள். படித்துத் தெரிந்திருந்தது, இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். மாணிக்கத்திடம் ஆவேசமாக விளக்கினேன். அவர் பஜ்ஜியைத் தின்றுகொண்டே கேட்டார்.

"எல்லாம் சரிதானுங்கம்மா" என்றார் கடைசியில். "நான் முதல்ல ஒண்ணைத் தொட்டியில ஊறப்போட்டுப் பார்த்தேன். நல்லாவே சுருங்குச்சு."

"தெரியும். தப்புத்தான்" என்றேன்.

"நேத்தே சொல்லிட்டீங்களே, இவ்வளவு பேர் முன்னாலே." அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். "ராஜாவுக்குக் கால் விறைச்சுதுன்னீங்க பாருங்க! சிரிக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணுதான் புரியலை. உங்க ஊர்லயும் இதைத்தானே கட்டுறாங்க? ஒருத்தருக்குமா தெரியலை?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. அத்தான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடவில்லை. புது அளவைத் தன் தறிக்காரர்களுக்கே முதலில் கட்டக் கொடுத்துப் பார்த்தார். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றேன்.

அந்த நேரம் டோ கின் மியா கரையிலிருந்து பலகைமேல் நடந்து வந்து சேர்ந்தார். மாணிக்கம் என் பதிலை அவருக்குச் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த மூட்டையிலிருந்து ஒரு கிளி மார்க்கை உருவி, தன் லோன்ஜிக்கு மேலேயே சுற்றிக்கொண்டார். குனிந்து, அதன் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் சடக்கென்று தூக்கி, முழங்காலுக்கு மேல் மடித்து, இடுப்பில் இறுக்கிக் கட்டி, தோளை அகட்டிக்கொண்டு அந்தப் பலகைமேல் இரண்டு நடை நடந்தார். அசல் எங்கள் தெரு ஆண்பிள்ளை. படகுகள் எல்லாம் சிரித்தன.

எனக்குச் சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. உண்மைதான். எங்கள் ஊரில் யார் கைலியைக் கால் வரை தொங்கவிடுகிறார்கள்? கட்டிய உடனே மடித்துக் கட்டிவிடுவார்கள். மடித்துக் கட்டினால் அரைச் சாண் எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

"சுருங்காது!" என்றார் டோ கின் மியா, தன் முழங்காலைத் தட்டிக் காட்டி. பஜார்த் தமிழ் அவருக்கு வேண்டிய அளவு தெரிந்திருந்தது.

பிறகு வேலைப் பேச்சு. அந்த அம்மாள் பர்மிய மொழியிலும் கையாலும் சொன்னார், மாணிக்கம் தமிழ்ப்படுத்தினார். பர்மாவில் பெண்கள் கட்டுகிற லோன்ஜிக்கு இடுப்பில் ஒரு கறுப்புப் பட்டைத் துணி தைப்பது வழக்கம். அந்தப் பட்டையை வைத்துத் தைத்தால் அரைச் சாண் சரியாகிவிடும். "கட்டம் போட்டது ஆம்பிளைத் துணி, புத்தர் கோயிலுக்குக் கட்டிட்டுப் போகமாட்டாங்களாம். வயலுக்குக் கட்டலாமாம். வாங்குறவங்ககிட்ட இது குட்டைன்னு சொல்லித்தான் விப்பாங்களாம், விலையையும் இறக்கித்தான். அந்த நஷ்டம் உங்க அத்தான் தலையில."

"சரி" என்றேன்.

"அடுத்த தடவை பழைய அகலம் வரணும். உங்க அத்தான் ஒவ்வொரு சரக்குலயும் ஒண்ணை எடுத்துத் தானே கட்டி, மடிக்காம நின்னு பார்க்கணுமாம். அப்புறம் அனுப்பணுமாம்." மாணிக்கம் தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஒரே ஒரு வாய்ப்புத்தாங்கம்மா. மறுபடி குட்டையா வந்துச்சு, கிளியைக் கூண்டைத் திறந்து விட்டுருவேன்."

தண்ணீர் ஏறி வந்து சம்பானை மெல்லத் தூக்கியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மீதி நாட்களை ரெபேக்கா என்னைத் தின்ன வைத்தே கழித்தார். தேங்காய்ப் பால் ஊற்றிய கௌஸ்வே சேமியா, நம் கருவாட்டுக்கு அண்ணன் முறையாகிற ங்கப்பி, பலாட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட பரோட்டா. புறப்படும்போது, அடுத்த வருஷமும் என்னையே கூப்பிடப் போவதாகவும் அப்போது பாரசீகர்களைப் பற்றிப் பேசவேண்டும் என்றும் சொன்னார். தொப்பிக்காரர்கள் கேட்டுக்கொண்டார்களாம்.

ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு நேரே தறிக்கூடத்துக்குப் போனேன். அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"ஒருத்தரும் நம்பலை."

நடந்ததை எல்லாம் சொன்னேன், சக்கரவர்த்தியின் கால் விறைத்தது உள்பட. உள்ளே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தானுக்கு முகம் சிவந்தது. "அவ்வளவு தூரம் அனுப்பிச்சா, மேடை ஏறி என் மானத்தை வாங்கிட்டு வந்திருக்கே! குட்டை, குட்டைன்னு... நம்ம ஊர்ல ஒரு பய குறை சொல்லியிருப்பானா? நானே மாசக்கணக்கா இதைத்தான் கட்டிட்டிருக்கேன்!"

"அத்தான், மடிச்சுக் கட்டினதை அவிழ்த்து விடுங்க" என்றேன்.

"என்ன?"

"இறக்கி விடுங்க. ஒரு தடவை."

சுற்றிலும் பார்த்தார். பின்னால் அக்கா வந்து நின்றுகொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் முடிச்சை இழுத்தார். கைலி சரிந்து இறங்கிக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவருடைய கால்கள், கொக்கின் கால்களைப் போல, வெகு நீளமாகத் தெரிந்தன.

அத்தான் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு தறிக்கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. உள்பக்கம் திரும்பி, "பாவுல எடுத்த இழையை எல்லாம் சேருங்கப்பா" என்றார்.

கை பழக்கத்தில் கைலியின் விளிம்பை மடிக்கப் போயிற்று. பாதியில் விட்டுவிட்டார். பொழுது சாயும் வரை, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அப்படியேதான் நடமாடினார்.